சிறிய நாடகக் குழுவில் சேர நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, மதுரை, புதுச்சேரி போன்ற ஊர்களில் எட்டுப் பேரிலிருந்து இருபது பேர் வரை சேர்ந்து, வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ நாடகம் போடும் நவீன நாடகக் குழுக்களை மனதில் வைத்து எழுதியது இது. சபா நாடகக் குழுக்களின் நடைமுறை வேறு. சீரியலுக்கு ஆள் அனுப்பும் நடிப்புப் பள்ளிகளின் கணக்கும் வேறு.

எந்தக் குழு எனக்குப் பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தக் குழுவின் இரண்டு நாடகங்களையாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் அந்த நாடகம் பிடித்ததா, குழு பிடித்ததா என்று தெரியாது.

தமிழில் நவீன நாடகக் குழுக்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, நடிகரின் உடலையும் குரலையும் தினசரிப் பயிற்சியால் தயார் செய்வதை மையமாக வைத்தது. தெருக்கூத்து அடவுகள் அந்தப் பயிற்சிக்குள் வந்தன. ஞாநியின் பரீக்ஷா, வேலைக்குப் போகிறவர்களின் குழுவாக, நாடகப் பிரதிக்கும் கருத்துக்கும் முதலிடம் கொடுத்தது. வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பட்டறைக்குப் பிறகு விளக்கும் செட்டும் இல்லாமல் வட்டமாக நின்று நடிக்கும் வீதி நாடகம் இங்கே வலுப்பெற்றது. பிரளயனின் சென்னைக் கலைக் குழுவை அந்த வரிசையில் வைக்கலாம். ச. முருகபூபதியின் மணல்மகுடி படிமங்களாலும் சடங்குத் தன்மையாலும் பேசும். புதுச்சேரிப் பக்கம் வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி மூச்சையும் தாளத்தையும் அடிப்படையாகக் கொண்டது.

இன்றைய சிறு குழுக்கள் பலவும் இவற்றில் ஏதோ ஒன்றின் கிளை, அல்லது இரண்டு மூன்றின் கலவை. வசனம் பேசி நடிக்க ஆசைப்படுகிறவர் உடல்மொழிக் குழுவில் போய் மூன்று மாதம் நடையும் குனிதலும் மட்டும் பழகினால் சலித்துப்போவார். குறை அவரிடமும் இல்லை, குழுவிடமும் இல்லை.

குழுவை எங்கே, எப்படி அணுகுவது?

நாடகம் முடிந்த அன்றே. பார்வையாளர்கள் கிளம்பிய பிறகு குழுவினர் செட்டைக் கலைத்து டெம்போவில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இயக்குநரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கும் நேரத்தில் போய் ‘எனக்கு நடிப்பில் ஆர்வம்’ என்று சொன்னால் அது காற்றோடு போகும். ஒயர் சுருட்டுகிறவரிடம் ‘ஒரு கை கொடுக்கட்டுமா’ என்று கேளுங்கள். அந்த அரை மணி நேரத்தில் இவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், யார் மட்டும் வேலை செய்கிறார்கள், யார் மட்டும் செய்வதில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். அவர்களுக்கும் உங்களைப் பற்றித் தெரிந்துவிடும்.

ஆடிஷன் இருக்குமா? என்ன தயார் செய்துகொண்டு போவது?

பல சிறு குழுக்களில் ஆடிஷன் என்று தனியாக வைப்பதில்லை. மூன்று நாளிலிருந்து பத்து நாள் வரை நடக்கும் பட்டறைதான் வாசல். முதல் நாள் நன்றாக நடிப்பவரை விட, நான்காம் நாளும் சொன்ன நேரத்துக்கு வருகிறவரைத்தான் அங்கே கவனிப்பார்கள்.

ஆடிஷன் இருந்தால் மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்: இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத ஒரு வசனப் பகுதி, ராகம் பிசகினாலும் தாளம் பிசகாமல் பாடக்கூடிய ஒரு பாட்டு, முன்பின் பார்க்காத தாளைத் தடுமாறாமல் உரக்கப் படிக்கும் பழக்கம். சினிமா வசனம் வேண்டாம். அந்த நடிகரின் குரல் கேட்பவர் காதில் ஏற்கெனவே இருக்கும், உங்கள் குரல் அதற்கு அடியில் போய்விடும். தளர்ந்த பருத்தி பேன்ட், டி-சர்ட் போதும். மோதிரம், தொங்கட்டான், கடிகாரம், துப்பட்டா எல்லாவற்றையும் பையில் வைத்துவிடுங்கள்.

முன் அனுபவம் இல்லை, வயது 38. சேர முடியுமா?

முடியும். குழுக்களில் இருபது வயதுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை; அப்பா, தாசில்தார், கிழவி வேடத்துக்குத்தான் ஆள் கிடைக்காமல் நரைமுடிக்கு பவுடர் பூசிச் சமாளிப்பார்கள்.

என் பேச்சில் திருநெல்வேலி வாடை அடிக்கும். திருத்திக்கொள்ள வேண்டுமா?

வட்டார வழக்கு சொத்து, விடாதீர்கள். திருத்த வேண்டியது வேறு: ல, ள, ழ மூன்றும் ஒன்றாக ஒலிப்பது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவது. இரண்டாவதுதான் பெரிய தொல்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ‘அவன் நேற்று ராத்திரி கதவைத் திறந்து’ வரை கேட்டு, ‘விட்டானா’ என்பது காணாமல் போனால் பார்வையாளருக்கு ஒன்றுமே போய்ச் சேராது.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? வேலைக்குப் போய்க்கொண்டே செய்யலாமா?

பலரும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் செய்கிறார்கள். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். மாலை 6.30-லிருந்து 9 மணி வரை வாரத்தில் ஐந்து நாள், ஞாயிறு ஐந்து மணி நேரம் என்றால் வாரம் பதினேழரை மணி. எழுபது, எண்பது நிமிட நாடகத்துக்கு எட்டு வாரம் என்று வைத்தால் 140 மணி நேரம். இதில் பயண நேரம் சேரவில்லை. தாம்பரத்திலிருந்து விருகம்பாக்கத்துக்குத் தினமும் வந்து போகிறவருக்கு ஒத்திகை நேரமும் பயண நேரமும் ஏறக்குறைய சமமாகிவிடும்.

கடைசி வாரம் வேறு கணக்கு. தினமும் முழு நாடகத்தையும் நிறுத்தாமல் ஓட்டிப் பார்ப்பது, நாடகத்துக்கு முந்தைய நாள் அரங்கில் லைட், ஒலி பொருத்தும் வேலை, இரவு பதினொன்று வரை போகலாம். அந்த வாரத்தில் இரண்டு நாளாவது அலுவலகத்தில் லீவு சொல்லிவையுங்கள், அதுவும் ஒரு மாதம் முன்பே.

ஒத்திகைக்கு வராமல் போவது உங்களை மட்டும் பாதிக்கும் விஷயமில்லை. ஆறு பேர் நடிக்கும் காட்சியில் ஒருவர் இல்லையென்றால் மற்ற ஐந்து பேரும் காலியிடத்தைப் பார்த்துப் பேசிப் பழகுவார்கள். மறுநாள் நீங்கள் வந்து நின்றதும் அவர்கள் தடுமாறுவார்கள். வர முடியாத நாள்களை ஒத்திகை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் இயக்குநர் அந்த நாளில் உங்கள் காட்சி இல்லாமல் திட்டமிடுவார். தங்கை கல்யாணத்தைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சொல்கிறவர்கள் எல்லாக் குழுவிலும் ஒருவராவது உண்டு.

பயிற்சி பெறுபவராகச் சேர்ந்தால் முதலில் என்ன வேலை கொடுப்பார்கள்? எப்போது நடிக்க விடுவார்கள்?

முதல் நாடகத்தில் மேடைக்குப் பின்னால்தான் இருப்பீர்கள். கூட்டக் காட்சியில் நிற்க வாய்ப்பு வரலாம். இதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது மாதத்தில் நின்றுவிடுகிறவர்கள் அதிகம். சிறு குழுவில் நடிகர் மட்டுமாக இருக்க யாருக்கும் வசதி கிடையாது. இன்று ராஜா வேடம் போடுகிறவர்தான் நாளை ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போவார். மூன்று வேலைகள் வழக்கமாகப் புதியவர் கைக்கு வரும்.

முதலாவது பிரதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது. பிரதியை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து ஃபைலில் போட்டுக்கொண்டால் வலது தாளில் வசனமும் இடது தாளில் வெற்றிடமும் கிடைக்கும். யார் எந்தச் சொல்லில் எழுந்தார், எங்கே போனார் என்பதெல்லாம் அந்த வெற்றிடத்தில் வரும். பென்சிலால் எழுதுங்கள். முதல் மூன்று வாரம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், பேனாவால் எழுதினால் பத்தாம் நாள் அந்தத் தாளை நீங்களே படிக்க முடியாது. நடிகர் மறந்தால் வசனம் எடுத்துக் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு. முதல் இரண்டு சொல்லை மட்டும், சாதாரணக் குரலில், பாவமில்லாமல் சொல்லுங்கள். குசுகுசுவென்று சொன்னால் நடிகருக்குப் புரியாது, முன்வரிசைக்கு மட்டும் கேட்கும். நடிகர் வேண்டுமென்றே விடும் இடைவெளியில் அவசரப்பட்டு எடுத்துக் கொடுப்பது இந்த வேலையில் வழக்கமாக நடக்கும் தவறு. அதனால் அத்தகைய மௌனங்களையும் பிரதியில் ஒரு கோடு போட்டுக் குறித்துவையுங்கள்.

இரண்டாவது, தரையில் மேடையை வரைவது. ஒத்திகை அறை பதினைந்தடி அகலமும் அரங்க மேடை இருபத்தெட்டு அடி அகலமும் இருந்தால், அறைக்குப் பழகிய நடிகர்கள் அங்கே நான்கு எட்டில் முடிந்த நடைக்கு மேடையில் ஏழெட்டு எட்டு வைக்க வேண்டியிருக்கும். வசனம் முன்பே முடிந்துவிடும். ஐம்பதடி டேப்போடு அரங்குக்குப் போய் மேடையின் திறப்பு அகலம், ஆழம், இரண்டு சைடிலும் உள்ள இடம், கதவின் அகலம், பிளக் பாயின்ட் இருக்கும் இடங்கள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். மூன்றரை அடிப் பெட்டி செய்த பிறகு அரங்கின் பின்கதவு மூன்றடிதான் என்று தெரிவது எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். தரையில் குறிக்க மாஸ்கிங் டேப் போதும். வாரக் கணக்கில் விட்டால் பசை தரையிலேயே தங்கிவிடும், வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கும் முன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். இடது, வலது என்றால் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடது, வலது. முதல் நாளே இதைப் பேசி முடிவு செய்யாவிட்டால் பாதி ஒத்திகை ‘எந்த இடது?’ என்பதில் போகும்.

மூன்றாவது பிராப்பர்டி, அதாவது நடிகர்கள் மேடையில் கையாளும் பொருள்கள். சைடில் ஒரு மேசை, அதன் மேல் பிரவுன் ஷீட். ஒவ்வொரு பொருளையும் வைத்துச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு, உள்ளே பொருளின் பெயர், காட்சி எண், யார் எடுப்பார் என்று எழுதுங்கள். கோட்டுக்குள் பொருள் இல்லையென்றால் இருட்டிலும் தெரியும். இரண்டு சைடிலும் நுழைவு இருந்தால் இரண்டு மேசை. நாடகம் தொடங்க அரை மணி முன் ஒரு தடவை, கதவு திறக்கும் முன் இன்னொரு தடவை சரிபாருங்கள். தீப்பெட்டி நமுத்துப்போயிருக்கும், குடை விரியாது, செல்போன் சைலன்டில் இருக்காது. இதெல்லாம் இரண்டாவது சோதிப்பில்தான் பிடிபடும்.

வசனத்தை எப்படிப் பாடம் செய்வது?

உங்கள் வசனத்தை மட்டும் மஞ்சள் அடித்து உருப்போடாதீர்கள். எதிரில் இருப்பவரின் கடைசி நான்கு சொல்லையும் சேர்த்துப் படியுங்கள், அதுதான் உங்களைக் கிளப்பிவிடும். ஒரே ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பது பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பாட்டுக்குப் பழகிய பழக்கம். அந்த ராகம் ஒட்டிக்கொண்டால் இயக்குநர் எந்த மாற்றம் சொன்னாலும் நாக்கு பழைய ராகத்துக்கே திரும்பும். முதலில் உணர்ச்சியே இல்லாமல், வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் தட்டையாகச் சொல்லிப் பாருங்கள். கை வேறு வேலையில் இருக்கும்போதும் வசனம் வருகிறதென்றால் ஏறிவிட்டது என்று அர்த்தம். எட்டு வார ஒத்திகையில் நான்காம் வார முடிவுக்குள் பிரதி கையை விட்டுப் போக வேண்டும். கையில் தாள் இருக்கும் வரை கையால் வேறெதையும் நடிக்க முடியாது.

இரண்டு நாள் ஒத்திகையிலேயே தொண்டை கட்டுகிறது. ஏன்?

தொண்டையிலிருந்து கத்துகிறீர்கள். தோள் மேலே ஏறி, கழுத்து நரம்பு புடைத்தால் அதுதான் அடையாளம். மூச்சு வயிற்றுப் பக்கம் இறங்க வேண்டும். மல்லாந்து படுத்து வயிற்றில் ஒரு புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்கும்படி பத்து நிமிடம் மூச்சு விட்டுப் பழகுங்கள். பிறகு உதடு மூடி ‘ம்ம்’ என்ற முனகல், அதன் பிறகு உயிரெழுத்துகள், கடைசியில் வசனம். மொத்தம் இருபது நிமிடம் சூடேற்றாமல் உச்சக் குரலுக்குப் போகாதீர்கள்.

தொண்டை கட்டினால் ரகசியக் குரலில் பேசிச் சமாளிக்க வேண்டாம், அதுவும் குரல் நாணைச் சிரமப்படுத்தும். பேசாமல் இருங்கள், தண்ணீர் குடியுங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

உடற்பயிற்சி கடுமையாக இருக்குமா?

குழுவைப் பொறுத்தது. தெருக்கூத்து அடவு, கிறுக்கி எனும் கூத்துச் சுழற்சி, சிலம்பம், தேவராட்டம், களரி இவற்றில் ஏதாவது ஒன்று பல குழுக்களின் பயிற்சியில் உண்டு. சிமென்ட் தரையில் வெறுங்காலில் குதிப்பதால் முழங்காலும் குதிகாலும்தான் முதலில் வலிக்கும். குதித்து இறங்கும்போது முன்பாதம் முதலில் படிந்து, முழங்கால் மடங்க வேண்டும். ‘தொம்’ என்று சத்தம் கேட்டால் தவறாக இறங்குகிறீர்கள். பழைய அடி, முதுகு வலி, ஆஸ்துமா எதுவாக இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டுச் செய்கிறவர்கள்தான் நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது படுத்துவிடுகிறார்கள்.

ஒப்பனைப் பொருள் யாருடையது?

பொதுப் பெட்டி இருக்கும். ஸ்பாஞ்சும் கண் மையும் மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், கண் நோய் ஒருவரிடமிருந்து மொத்தக் குழுவுக்கும் அதன் வழியாகப் பரவும். புதுப் பொருளைப் பூசும் முந்தின நாள் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பாருங்கள். கலைக்கும்போது முதலில் தேங்காய் எண்ணெய், பிறகு துணி, கடைசியில்தான் சோப்பு.

லைட் வேலை கற்றுக்கொள்ள ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

மின்சாரக் கணக்கிலிருந்து. 1,000 வாட் பார் (PAR) மேடை விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பாயின்ட்டில் மூன்று போட்டால் 13 ஆம்பியர், தாங்கும். நான்காவதைப் போட்டால் 17-ஐத் தாண்டும், டிரிப் ஆகலாம், அதுவும் உச்சக் காட்சியில் எல்லா விளக்கும் ஒன்றாக ஏறும்போதுதான். கல்லூரி, பள்ளி அரங்குகளில் மேடையின் எல்லா பாயின்ட்டும் ஒரே சர்க்யூட்டில் இருப்பது சகஜம். நான்கு பாயின்ட் கண்ணுக்குத் தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது. இப்போது எல்.இ.டி. பார்கள் வந்துவிட்டதால் இந்தத் தலைவலி குறைந்திருக்கிறது. மெயின் லைனில் கை வைப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மட்டுமே. ஏணியில் ஒருவர் ஏறினால் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், போன் பார்த்துக்கொண்டு அல்ல.

சம்பளம் உண்டா?

முதல் வருடத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஏன் இல்லை என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு: நூறு பேர் உட்காரும் அரங்கில் 200 ரூபாய் டிக்கெட் அறுபது விற்றால் 12,000 ரூபாய். அரங்க வாடகை 5,000, விளக்கு 4,000, டெம்போ 1,500, பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு, டீ 1,800. கூட்டிப் பார்த்தால் 12,300. டிக்கெட் வருமானம் செலவுக்கே 300 ரூபாய் போதவில்லை. கல்லூரிகள், விழாக்கள், அமைப்புகள் அழைத்துப் பணம் கொடுக்கும் நிகழ்ச்சிகளில்தான் கையில் ஏதாவது நிற்கும்.

மத்திய கலாச்சார அமைச்சகத்தின் குரு-சிஷ்ய பரம்பரை நிதியுதவி பெறும் குழுக்கள் சில உண்டு. அந்தத் திட்டத்தில் குருவுக்கும் சிஷ்யர்களுக்கும் மாதாமாதம் தொகை வரும். நீங்கள் சேரும் குழு அதைப் பெறுகிறதா, உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா, தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறதா, வந்த பிறகு ‘குழு நிதி’ என்று திருப்பிக் கேட்பார்களா என்பதைச் சேரும்போதே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. இதோடு இன்னும் மூன்றையும் கேட்டுவிடுங்கள்: பயணச் செலவு யாருடையது, உடைக்கு யார் பணம், அழைப்பு நிகழ்ச்சியில் கிடைப்பது எப்படிப் பங்காகும். பங்கு முறையைச் சொல்லத் தயங்கும் குழுவில் பின்னால் சண்டை நிச்சயம்.

நாங்கள் பணம் கட்ட வேண்டுமா?

பட்டறைக்குக் கட்டணம் வாங்குவது இயல்பு. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது, ‘இரண்டு வருடம் வேறெங்கும் போக மாட்டேன்’ என்று பத்திரத்தில் எழுதி வாங்குவது, போட்டோ ஆல்பத்துக்கு என்று ஆயிரக்கணக்கில் கேட்பது, இவற்றில் ஒன்றிருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இங்கே சேர்ந்தால் சினிமா வாய்ப்பு வருமா?

பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல் எல்லாரும் கூத்துப்பட்டறையிலிருந்து போனவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தவர். இதைக் காட்டித்தான் பலரும் கேட்கிறார்கள். அந்தப் பெயர்களோடு பயிற்சி பெற்று, சினிமாவில் முகம் தெரியாமல் போனவர்களின் பட்டியல் இதைவிட நீளம். ஷூட்டிங்குக்காக ஒத்திகையை விட்டுப் போவது பற்றிக் குழுவுக்கு ஒரு விதி இருக்கும், அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பெண்கள் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஒத்திகை இரவு எத்தனை மணிக்கு முடியும், தாமதமானால் யார் கொண்டுவந்து விடுவார்கள், உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை உண்டா, வெளியூர் நிகழ்ச்சியில் தங்குமிடம் எப்படி. தொட்டு நடிக்கும் காட்சி இருந்தால் எங்கே, எவ்வளவு என்பதைப் பேசி முடிவு செய்துவிட்டு, அந்த அளவிலேயே எல்லா ஒத்திகையும் நடக்க வேண்டும். ‘நடிகைக்குக் கூச்சம் போகணும்’ என்ற பெயரில் தனியாக ஒத்திகைக்கு அழைப்பது பயிற்சி ஆகாது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டுமானது அல்ல. பயிற்சி பெறுகிறவரும் தன்னார்வலரும் அதில் அடக்கம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். பத்துக்குக் கீழே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

பதினெட்டு வயது ஆகாதவர்கள்?

பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்புள்ள குழு சேர்க்காது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல், அதிலும் ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம்.

குழுவில் கற்றுக்கொண்டது பிறகு படிப்புக்கு உதவுமா?

நிச்சயம். தில்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்க 18 முதல் 30 வரை வயது, ஒரு பட்டம், இந்தி-ஆங்கிலப் பரிச்சயம், இவற்றோடு குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் வேண்டும். ஆகவே முதல் நாடகத்திலிருந்தே உங்கள் பெயர் அச்சான அழைப்பிதழ், சுவரொட்டி, இயக்குநரின் கடிதம் மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள். ஐந்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை படிக்கலாம். கன்னடம் தெரிந்தவர்களுக்கு கர்நாடகத்தின் ஹெக்கோட்டிலுள்ள நீநாசம் நாடகப் பள்ளியில் பத்து மாதப் படிப்பு இருக்கிறது. 18–25 வயதுக்காரர்களுக்கு மத்திய அரசின் இளம் கலைஞர் உதவித்தொகை, மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் கிடைக்கும். குருவிடம் ஐந்து வருடம் பயின்றிருக்க வேண்டும் என்பதால் சேர்ந்த தேதியை எங்காவது எழுதிவையுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு குழுவில் இருக்கலாமா?

இரண்டு இயக்குநருக்கும் தெரிந்திருந்தால் இருக்கலாம். ஒரே மாதத்தில் இரண்டு நாடகம் என்றால் ஒன்று கண்டிப்பாகக் கெடும்.

பிடிக்கவில்லை என்றால் எப்படி விலகுவது?

ஒரு நாடகம் முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில். நடுவில் போகத்தான் வேண்டும் என்றால் முதல் காட்சிக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும்போதே சொல்லுங்கள். மாற்று ஆளைத் தயார் செய்ய அவ்வளவாவது வேண்டும். உங்கள் நடமாட்டக் குறிப்புகள் உள்ள பிரதியை வருகிறவரிடம் கொடுங்கள், கூட இரண்டு ஒத்திகைக்கு வந்து உட்காருங்கள். உடையைத் துவைத்து, அறைச் சாவியோடு திருப்பித் தாருங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுவது எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கட்டும். நேரில் சொல்லாமல் அதை முதலில் செய்கிறவர்களின் வேடத்துக்குத்தான் இயக்குநர் ராத்திரி பத்து மணிக்குப் பழைய நடிகர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருப்பார்.